இன்டரப்ட் வந்தபோது யார் தூங்கினார்கள்? – வாசகர் கேள்வி பதில்

குறித்த நேரத்துக்குள் வேலை நடந்தாக வேண்டிய ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் ஒரு போர்டு, இன்டரப்ட் (‘கையில் உள்ளதை விட்டுவிட்டு இதைப் பார்’ என்று வரும் சிக்னல்) வந்ததும் எவ்வளவு சீக்கிரம் திரும்பிப் பார்க்கிறது என்று அளப்பது பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஒரு பின்னில் பல்ஸ் கொடுங்கள்; அந்த இன்டரப்ட்டைக் கவனிக்கிற ஐஎஸ்ஆர் என்ற ஃபங்ஷனின் முதல் வரியிலேயே இன்னொரு பின்னை உயர்த்துங்கள்; ஆசிலாஸ்கோப்பில் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதுதான் லேட்டன்சி. சாராம்சம் இவ்வளவுதான். பாதிப் பேர் செய்து பார்த்துவிட்டுக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். மீதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். அவர்களும் செய்து பார்த்தவர்கள்தான் என்பது திட்டிலேயே தெரிகிறது.

*கார்ட்டெக்ஸ்-எம்3 சிபியுவில் இன்டரப்ட் லேட்டன்சி 12 சைக்கிள் என்று பாடத்தில் படித்தேன். 72 மெகாஹெர்ட்ஸில் அது 0.17 மைக்ரோ செகண்ட்தான். ஆனால் ஸ்கோப்பில் எனக்கு 1.9 மைக்ரோ செகண்ட் வருகிறது. அதே சிபியு உள்ள என் எஸ்டிஎம்32 போர்டு டூப்ளிகேட்டா சார்?*
– கல்லூரி மாணவி, சேலம்

இருக்கலாம்மா. அந்த நீலக் கலர் போர்டுகளில் டூப்ளிகேட் சிப் நிறையவே புழங்குகிறது. ஆனால் இந்தக் குற்றத்துக்கு அது பொறுப்பில்லை.

12 சைக்கிள் என்பது பொய்யில்லை. இன்டரப்ட் உள்ளே நுழைந்ததும் ஹார்டுவேரே எட்டு ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் தள்ளி, முகவரிப் பட்டியலான வெக்டர் டேபிளிலிருந்து ஐஎஸ்ஆரின் முகவரியை எடுத்து, ஐஎஸ்ஆரின் முதல் கட்டளைக்கு வந்து சேர ஆகும் நேரம் அது. அதே குடும்பத்துச் சின்ன சிபியுவான எம்0 என்றால் 16, எம்0 பிளஸ் என்றால் 15. ஆனால் அந்தக் கணக்கில், மெமரி காக்க வைக்காமல் உடனே பதில் தரும் என்ற நிபந்தனை இருக்கிறது. உங்கள் சிப்பை 72 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷ் மெமரிக்கு இரண்டு வெயிட் ஸ்டேட், அதாவது இரண்டு சைக்கிள் காத்திருப்பு, வைத்தாக வேண்டும். நிபந்தனை அங்கேயே உடைந்துவிட்டது.

ஆனால் பெரிய திருடன் அதுவுமில்லை. நீங்கள் அனுப்பிய புரோகிராமைப் பார்த்தேன். இன்டரப்ட் வந்ததும் சிப் கம்பெனி தரும் ஹால் லைப்ரரியின் ஹேண்ட்லருக்குப் போகிறது. அது எந்த லைன் என்று பார்த்து, கொடியை இறக்கிவிட்டு, நீங்கள் எழுதிய கால்பேக் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. கால்பேக்கில் நீங்கள் ஒரு ‘இஃப்’ போட்டிருக்கிறீர்கள். அதற்குள் ரைட்பின் ஃபங்ஷன். இத்தனையும் ஆப்டிமைசேஷனே இல்லாமல் கம்பைல் ஆகியிருக்கிறது. 1.9 மைக்ரோ செகண்ட் என்றால் சுமார் 137 சைக்கிள். அதில் 12தான் சிப்புக்குச் சொந்தம்; மற்றதெல்லாம் நாம் வீட்டுக்குள் போட்டு வைத்த மேசை நாற்காலி. ஐஎஸ்ஆரின் முதல் வரியில், பின்னை உயர்த்தும் பிஎஸ்ஆர்ஆர் ரெஜிஸ்டரில் நேரடியாக எழுதி, ஆப்டிமைசேஷனை ஓ2வில் வைத்துப் பாருங்கள். பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஒரு வேலை தருகிறேன். ஒரு பின்னோடு நிறுத்தாமல் மூன்று பின் வையுங்கள். ஐஎஸ்ஆரின் தொடக்கத்தில் ஒன்று, அது எழுப்பிவிடும் டாஸ்க்கின் (மீதி வேலையைச் செய்யும் புரோகிராம் பகுதி) முதல் வரியில் ஒன்று, டாஸ்க் தன் வேலையை முடிக்கும் இடத்தில் ஒன்று. விளம்பரத் தாளில் போடுவது முதல் இடைவெளியை. கஸ்டமர் காசு கொடுப்பது மூன்றாவதற்கு.

*ஸ்கோப் வாங்க வசதியில்லை. வேறு வழி உண்டா?*
– பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்

உண்டு. சிப்புக்குள்ளேயே ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, டைமரின் இன்புட் கேப்சர். பல்ஸ் வந்த கணத்தில் டைமர் என்ன எண்ணிக்கொண்டிருந்தது என்பதை ஹார்டுவேரே ஒரு ரெஜிஸ்டரில் பிடித்து வைத்துக்கொள்ளும், மென்பொருள் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. ஐஎஸ்ஆரின் முதல் வரியில் டைமரின் இப்போதைய எண்ணைப் படித்து, பிடித்து வைத்ததைக் கழித்தால் லேட்டன்சி வந்துவிட்டது. இதில் ஒரு பொறி இருக்கிறது, கீழே ஓசூர் தம்பிக்கான பதிலில் சொல்கிறேன்.

எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 42 நானோ செகண்ட். மைக்ரோ செகண்ட் கணக்குக்கு அது தாராளம்.

நிறையப் பேர் செய்கிற இன்னொரு வழி: புரோகிராமிலிருந்தே அந்த இன்டரப்ட்டைப் பெண்டிங் ஆக்கிவிட்டு (வந்துவிட்டதாகக் குறித்துவிட்டு), சிபியுவின் சைக்கிள் கவுண்டரில் எண்ணுவது. அழகான எண் வரும், எப்போதும் ஒரே எண் வரும். வீட்டுக்காரரே கதவுக்குப் பக்கத்தில் நின்று காலிங் பெல்லை அடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் கதவு உடனே திறக்கும் என்று சொல்வது போல. இன்டரப்ட் தடை செய்யப்பட்டிருக்கும் நேரத்தில் நீங்கள் அளக்க எழுதிய புரோகிராம் ஓடவே ஓடாது. தெரியவேண்டியதோ அந்த நேரம்தான். சைக்கிள் கவுண்டரை, ஐஎஸ்ஆரிலிருந்து டாஸ்க் வரை அளக்க வைத்துக்கொள்ளுங்கள். 32 பிட் என்பதால் 72 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பே ஒரு சுற்று முடிந்துவிடும், கவனம்.

அப்புறம், ஐஎஸ்ஆருக்குள் பிரிண்ட்எஃப் வேண்டாம். 115200 பாடில் ஒரு எழுத்து வெளியே போகவே 87 மைக்ரோ செகண்ட். இருபது எழுத்து எழுதினால் நீங்கள் அளப்பது உங்கள் பிரிண்ட்எஃப்பைத்தான்.

*இதையெல்லாம் பைதானில் செய்யலாமா சார்?*
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

செய்யலாம். அளந்து முடித்தபிறகு வரைபடம் போட.

*ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளந்தேன் அண்ணா. அதிகபட்சம் 4.1 மைக்ரோ செகண்ட். வொர்ஸ்ட் கேஸ் 4.1 என்று கஸ்டமருக்கு அறிக்கை கொடுக்கலாமா? பல்ஸை அதே போர்டின் டைமரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸில் எடுத்தேன்.*
– இளம் பொறியாளர், ஓசூர்

கொடுத்துவிடாதீர்கள் தம்பி. கடைசி வரியில் நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் நேரம் பார்க்க அடித்துக்கொள்ளும் டிக்கும் 1 கிலோஹெர்ட்ஸ், பல்ஸும் 1 கிலோஹெர்ட்ஸ், இரண்டுக்கும் ஒரே கிரிஸ்டல். அதாவது பல்ஸ் எப்போதும் டிக்குக்கு அப்புறம் அதே இடத்தில்தான் விழும். தினமும் காலை 9.10க்கு ரயில்வே கேட்டைத் தாண்டுகிறவருக்கு 9.25 ரயிலைப் பற்றி என்ன தெரியும்? முப்பது வருஷம் கழித்தும் இந்த கேட்டை மூடியே பார்த்ததில்லை என்பார். ஒரு மணி நேரம் என்பது 36 லட்சம் பல்ஸ். நீங்கள் 36 லட்சம் தடவை 9.10க்கே கேட்டைத் தாண்டியிருக்கிறீர்கள்.

பல்ஸை வெளியிலிருந்து கொடுங்கள், தனி ஜெனரேட்டர், 997 ஹெர்ட்ஸ். ஏன் 997? ஒவ்வொரு பல்ஸும் டிக்கைப் பார்த்து மூன்று மைக்ரோ செகண்ட் தள்ளி விழும். மூன்றில் ஒரு பங்கு செகண்டில் ஒரு மில்லி செகண்ட் முழுதும் ஒரு நடை நடந்துவிடும். ஒரு செகண்டில் 997 வெவ்வேறு இடங்களைத் தொட்டிருக்கும். ஸ்கோப்பில் பெர்சிஸ்டென்ஸை (பழைய கோடுகள் அழியாமல் நிற்கும் நேரம்) முடிவில்லாமல் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒற்றைக் கோடாக இருந்தது வலப்பக்கம் பாய் விரித்தாற்போல் பரவியிருக்கும். அந்தப் பாயின் ஓரம்தான் நீங்கள் தேடுவது.

அதுவும் இப்போதைக்குத்தான். என் கதை ஒன்றைச் சொன்னால் புரியும்.

பல வருஷம் முன்பு, கோன் வைண்டிங் மெஷினுக்கு யார்ன் கிளியரர் போர்டு செய்துகொண்டிருந்தோம். நூல் ஓடும்போது தடித்த இடம் வந்தால் சென்சார் கண்டுபிடிக்க வேண்டும், கட்டர் வெட்ட வேண்டும். நூல் நிமிஷத்துக்கு 1200 மீட்டர் ஓடுகிறது. செகண்டுக்கு 20 மீட்டர். 50 மைக்ரோ செகண்ட் தாமதமானால் ஒரு மில்லிமீட்டர் நூல் கடந்திருக்கும். எங்கள் மேசையில் அதிகபட்சம் 6 மைக்ரோ செகண்டைத் தாண்டவே இல்லை. இரண்டு நாள் ஓட்டினோம், இரண்டு நாளும் அதே. நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

மில்லிலிருந்து புகார். எப்போதாவது ஒரு தடித்த இடம் வெட்டப்படாமல் கோனுக்குள் போய்விடுகிறது. போர்டை மாற்றினோம், சென்சாரை மாற்றினோம், எர்த்தைச் சந்தேகப்பட்டோம் (எதற்கும் எர்த்தைச் சந்தேகப்படுவது எங்கள் தொழில் மரபு). கடைசியில் துப்புக் கொடுத்தவர் ஷிப்ட் மேஸ்திரி. ‘பத்து மணிக்குத்தான் சார் வருது. மத்தியானம் ரெண்டு மணிக்கும் ஒருக்கா வந்துச்சு.’

ஷிப்ட் மாறும் நேரம். அந்த நேரத்தில் எங்கள் போர்டு என்ன செய்கிறது? எட்டு மணி நேர உற்பத்திக் கணக்கை ஃப்ளாஷில் எழுதி வைக்கிறது. எழுதுவதற்கு முன் ஒரு பேஜை அழிக்க வேண்டும். அந்தச் சிப்பின் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது, ஒரு பேஜ் அழிக்க 20 முதல் 40 மில்லி செகண்ட். அழித்துக்கொண்டிருக்கும் ஃப்ளாஷிலிருந்து அடுத்த கட்டளையைப் படிக்கப் போன சிபியு அங்கேயே நின்றுவிடும். இன்டரப்ட்டை யாரும் தடை செய்யவில்லை. ஆனால் ஐஎஸ்ஆரும் அதே ஃப்ளாஷில்தானே உட்கார்ந்திருக்கிறது! எங்கள் மேசையில் இது ஏன் வரவில்லை என்றால், மேசைப் போர்டில் கடிகார பேட்டரியே போடவில்லை. அதற்கு ஷிப்ட் முடிந்ததே கிடையாது.

கடிகாரத்தை 9.58க்கு வைத்துவிட்டு உட்கார்ந்தோம். பத்து மணிக்கு ஸ்கோப்பில் 26 மில்லி செகண்ட் காலியாகக் கிடந்தது. அரை மீட்டருக்கு மேல் நூல். 6 மைக்ரோ செகண்ட் என்று நான் எழுதிக் கொடுத்திருந்த தாள் அதே மேசையில் இருந்தது.

திண்டுக்கல் மாணவரிடம் சொன்ன பொறி இங்கேதான். இதே சோதனையை இன்புட் கேப்சரிலும் வைத்திருந்தோம். அது காட்டிய அதிகபட்சம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு! சிபியு நின்றிருந்த 26 மில்லி செகண்டில் இருபத்தைந்து பல்ஸ் வந்து ஒன்றின் மேல் ஒன்றாக அதே ரெஜிஸ்டரில் எழுதிவிட்டன. கண் விழித்த ஐஎஸ்ஆர் கடைசிப் பல்ஸின் நேரத்தைத்தான் பார்த்தது. அதனால் கொடுத்த பல்ஸ் எத்தனை, ஐஎஸ்ஆர் ஓடியது எத்தனை என்று இரண்டையும் எண்ணி ஒப்பிடுங்கள். டைமரில் ஓவர் கேப்சர் என்று ஒரு கொடியும் இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

உற்பத்திக் கணக்கை வெளியே, அழிக்காமலே எழுதக்கூடிய ஓர் எஃப்ரேம் மெமரி சிப்புக்கு மாற்றினோம், தொல்லை விட்டது. வெக்டர் டேபிளையும் அந்த ஐஎஸ்ஆரையும் ரேமுக்கு மாற்றியும் தீர்த்திருக்கலாம்.

ஆகவே தம்பி, உங்கள் அறிக்கையில் 4.1 என்று மட்டும் போடாதீர்கள். என்னென்ன ஓடிக்கொண்டிருந்தபோது 4.1 என்று போடுங்கள். ஃப்ளாஷ் எழுதியதா, டிஸ்ப்ளே மாறியதா, கம்யூனிகேஷன் முழு வேகத்தில் ஓடியதா, பவர் போய் வந்ததா? அளந்தால் கிடைப்பது இதுவரை பார்த்ததிலேயே பெரிய எண், அவ்வளவுதான். அதற்கு மேல் போகாது என்று அளவையால் சொல்ல முடியாது. ஏர்பஸ் போன்றவர்கள் அளப்பதோடு நிறுத்தாமல், ஏஐடி போன்ற கருவிகளால் பைனரியையே அலசி மேல்வரம்பைக் கணக்கிடுவது இதனால்தான். நமக்கு அவ்வளவு பட்ஜெட் இல்லை; குறைந்தபட்சம் பேட்டரியாவது போடுவோம்.

*ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ரியல் டைம் சிஸ்டத்தில் என் இன்டரப்ட்டுக்கு ப்ரையாரிட்டி 2 கொடுத்தேன், வேகம் பிரமாதம். ஆனால் அதிலிருந்து, டாஸ்க்குக்குச் செய்தி போகும் க்யூவுக்கு அனுப்பினால் போர்டு தொங்கிவிடுகிறது. 6 கொடுத்தால் தொங்கவில்லை, ஆனால் டாஸ்க் எழுவது கண்டபடி தாமதமாகிறது.*
– வாசகர், சென்னை

இரண்டு தனித்தனி நோய்.

முதலாவது: கார்ட்டெக்ஸ்-எம்மில் எண் குறைந்தால் அதிகாரம் கூடும். கான்ஃபிக் ஃபைலில் மேக்ஸ் சிஸ்கால் ப்ரையாரிட்டி என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள், உங்களுடையது 5. கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, யாரும் குறுக்கிடக்கூடாத தன் கிரிட்டிக்கல் செக்‌ஷனுக்குள் போகும்போது 5ம் அதற்குக் கீழான அதிகாரமும் உள்ளவர்களை மட்டும் வாசலில் நிறுத்துகிறது. 0 முதல் 4 வரை உள்ளவர்களைக் கெர்னலால் நிறுத்தவே முடியாது. அதனால்தான் உங்கள் 2க்கு வேகம் பிரமாதம். பதிலுக்கு அவர்கள் கெர்னலின் எந்தச் சாமானையும் தொடக்கூடாது, ‘ஃப்ரம் ஐஎஸ்ஆர்’ என்று முடியும் ஃபங்ஷன் உட்பட. கெர்னல் க்யூவைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து கை வைத்தால் தொங்காமல் என்ன செய்யும்? அவசர வேலையை 2ல் முடித்துவிட்டு, க்யூவுக்கு அனுப்பும் வேலையை, 6ல் இருக்கும் சும்மா கிடக்கிற ஓர் இன்டரப்ட்டைப் பெண்டிங் ஆக்கி அதனிடம் தள்ளிவிடுங்கள்.

இரண்டாவது: ஸ்கோப் படத்தில் உங்கள் டாஸ்க் எழும் நேரம் 0க்கும் 1 மில்லி செகண்டுக்கும் நடுவே சீராகப் பரவிக் கிடக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்தாலே போதும், ஐஎஸ்ஆர் கடைசியில் ‘யீல்ட் ஃப்ரம் ஐஎஸ்ஆர்’ எழுத மறந்திருக்கிறீர்கள். டாஸ்க் தயார்தான், ஆனால் அடுத்த டிக் வந்து, எந்த டாஸ்க் ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலரை எழுப்பும்வரை யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு வரி சேர்த்துவிட்டு மறுபடி படம் எடுங்கள்.

*பழைய இன்டெல் பிசியில் ரியல் டைம் லினக்ஸ் போட்டு, லேட்டன்சி அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் கருவியை ஓட்டினேன். அதிகபட்சம் 38 மைக்ரோ செகண்ட். என் சொந்தப் புரோகிராமில் மட்டும் சில சமயம் 200ஐத் தாண்டுகிறது. கருவி பொய் சொல்கிறதா?*
– ஆட்டோமேஷன் தொழில் செய்பவர், கோவை

பொய் சொல்லவில்லை, ஒரு சலுகையை எடுத்துக்கொண்டு உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறது. சைக்ளிக்டெஸ்ட் தொடங்கும்போதே ‘சிபியு டிஎம்ஏ லேட்டன்சி’ என்ற டிவைஸ் ஃபைலைத் திறந்து அதில் 0 எழுதிவிடுகிறது. அதற்கு அர்த்தம், நான் ஓடும்வரை சிபியு ஆழ்ந்து தூங்கக்கூடாது என்பது. உங்கள் புரோகிராம் அப்படிச் சொல்லவில்லை. வேலை இல்லாத நேரத்தில் சிபியு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகிறது, எழுந்து வர நேரம் ஆகிறது. பிசி சும்மா இருக்கும்போது மோசமாகவும், வேலை இருக்கும்போது நன்றாகவும் வந்தால் சந்தேகமே வேண்டாம். நீங்களும் அந்த ஃபைலைத் திறந்து 0 எழுதி, புரோகிராம் முடியும்வரை மூடாமல் வையுங்கள்.

அதன் பிறகும் வந்தால், பிசி போர்டிலேயே இருக்கும் பயாஸ் மென்பொருளைப் பாருங்கள். பிசியில் எஸ்எம்ஐ என்று ஒன்று உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாமலே பயாஸ் சிபியுவை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும். எந்தக் கெர்னலாலும் தடுக்க முடியாது. ஹெச்டபிள்யூ லேட் டிடெக்ட் என்ற கருவி காட்டிக்கொடுக்கும்.

20 வருஷமாகத் தனிப் பேட்ச்சாக இருந்த, லினக்ஸை ரியல் டைம் ஆக்கும் ப்ரீஎம்ப்ட் ஆர்டி, 2024ல் 6.12 கெர்னலோடு லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டது; இனி பேட்ச் தேடி அலைய வேண்டாம். எவ்வளவு நேரம் ஓட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் ரியல் டைம் லினக்ஸைச் சோதிக்கும் ஓஎஸ்ஏடிஎல் அமைப்பு 200 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை என்று பத்து கோடி முறை ஓட்டுகிறது. ஐந்தரை மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஆனால் சைக்ளிக்டெஸ்ட் அளப்பது டைமர் எழுப்பும் நேரத்தை மட்டும். உங்கள் சென்சார் வேறு கார்டு வழியாக வருகிறதென்றால், அந்த வழியைப் பல்ஸும் ஸ்கோப்பும் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

*997 ஹெர்ட்ஸில் இரவு முழுக்க ஓட்டினேன். பாய் முழுதும் 5 மைக்ரோ செகண்டுக்குள். ஒரே ஒரு புள்ளி மட்டும் 31ல் தனியாக நிற்கிறது. நாய்ஸ் என்று விட்டுவிடலாமா?*
– வாசகி, திருச்சி

விடாதீர்கள், அதைப் பிடிக்க முடியும். ஐஎஸ்ஆரில் லேட்டன்சி 20ஐத் தாண்டினால் மட்டும், ஸ்டாக்கில் ஹார்டுவேர் தள்ளி வைத்திருக்கும் எட்டில் ஏழாவது வார்த்தையை ஒரு வேரியபிளில் எடுத்து வையுங்கள். அது புரோகிராம் கவுண்டர், இன்டரப்ட் நுழைந்தபோது அடுத்து ஓட இருந்த கட்டளையின் முகவரி. யாராவது இன்டரப்ட்டைத் தடை செய்து வைத்திருந்தால், தடை நீங்கிய மறுகணம்தான் நம் ஐஎஸ்ஆர் உள்ளே வந்திருக்கும். அந்த முகவரி தடையை நீக்கிய வரிக்கு அடுத்ததைக் காட்டும். வழி மறித்தது இன்னொரு ஐஎஸ்ஆர் என்றால் இந்த முகவரி ஏமாற்றிவிடும். அதற்காக ஒவ்வொரு ஐஎஸ்ஆரும் வெளியே போகும்போது தன் எண்ணை ஒரு பொது வேரியபிளில் எழுதிவிட்டுப் போகட்டும், அதையும் சேர்த்துப் பாருங்கள். முகவரியை, ஃபங்ஷன்களின் முகவரிகளைப் பட்டியலிடும் மேப் ஃபைலில் தேடினால் ஃபங்ஷன் பெயர் கிடைக்கும். கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். எல்சிடிக்கு எழுதுகிற ஃபங்ஷனாகத்தான் இருக்கும் என்று ஒரு டீ பந்தயம்.